காய்ப்பு என்று எழுதப்பட்ட புண்

வார்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பேசச் சொன்னார்கள். எனக்கு அது வராது. நாலு பேர் என் முகத்தையே பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். அங்கங்கே எழுத்து இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னை வார்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். படுக்கைப்புண்ணை இப்போது முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண் போடுகிறீர்கள். நோயாளி உள்ளே வரும்போதே புண் இருந்ததா, இங்கே வந்தபிறகு வந்ததா என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பெண் அந்தக் கட்டத்தை டக்கென்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். அவள் சரியாகத்தான் தட்டியிருப்பாள். நான்தான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத ஒரு நர்ஸ் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பதிலில் ஒரு பெண்ணின் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் அப்போது நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சின்னது. இந்திரா காந்தி பிரதமராக வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது என்று ஞாபகம். பெண்கள் வார்டில் நான் ஆயா. ஓரிக்கையிலிருந்து நடந்தே வருவேன். நோயாளிகளைத் துடைப்பது, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்கவைப்பது, முதுகுக்கு ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது, இதெல்லாம் என் வேலை. வார்டுக்கு ஒரு நர்ஸ். அவர் பெயர் வேண்டாம், சிஸ்டர் என்றே எழுதுகிறேன். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். தறிக்காரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் வார்டில் ஒருவருக்குப் படுக்கைப்புண் வந்தால் நர்ஸ் நோயாளியைத் திருப்பாமல் விட்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். வேறு கேள்வியே கிடையாது.

ஒரு நாள் ஜெகதாம்பாள் என்ற அம்மாவை ரிக்‌ஷாவில் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். புருஷன் போனபிறகு தானே தறியில் இறங்கி நெய்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். இருதயத்தில் கோளாறு, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன, படுத்தால் மூச்சு நின்றுவிடும். கூட வந்தவர்கள் மகன் தனபாலும் மருமகள் சரோஜாவும். சரோஜா அய்யம்பேட்டைப் பெண். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. அதற்கே அந்த வீட்டில் பேச்சு இருந்தது என்று பிறகு தெரிந்தது.

துணி மாற்றும்போது பார்த்தேன். உட்காரும் இடத்தில் எலும்பு அழுந்துகிற இரண்டு பக்கமும் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"இன்னாமா இது, ரெண்டு பக்கமும் கறுப்பா?" என்றேன்.

அந்த அம்மாள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தறி குடுத்தது. நெய்ஞ்ச சேலையெல்லாம் ஊர் ஊரா போயிடுச்சு. இது மட்டும் எங்கிட்டயே தங்கிடுச்சு."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "எங்கப்பாவுக்கும் இதே எடத்துல இப்படியே இருக்குது. தறிக் காய்ப்பு. உனக்குத் தெரியாதா அஞ்சல?"

"எங்க வூட்ல ஏது சிஸ்டர் தறி? கழனில குனிஞ்சி எங்களுக்கு இடுப்புதான் போச்சு."

எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாளுக்குச் சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்த் தறி குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, விளிம்பில் போட்ட பலகையில் நாள் முழுக்க உட்கார வேண்டும். உடம்பின் கனமெல்லாம் அந்த இரண்டு எலும்பில்தான். வருடக்கணக்கில் உட்கார்ந்தால் அங்கே தோல் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். இது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் நர்ஸாக இருந்திருந்தால் இது என்ன என்று கையை வைத்து அழுத்திப் பார்த்திருப்பார். சிஸ்டருக்கு அது பிறந்த வீட்டில் தினமும் பார்த்த விஷயம். அதனால் கை போகவில்லை. கேஸ் ஷீட்டில், இரண்டு பக்கமும் தறிக் காய்ப்பு, தோல் முழுசாக இருக்கிறது, புண் இல்லை என்று இங்கிலீஷில் எழுதினார். அதை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

டாக்டர் ஊசி போட்டார். படுக்க முடியாது என்பதால் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்வாக உட்காரவைத்தோம். முதுகு, குதிகால், முழங்கை எல்லாம் தினமும் பார்த்தோம். காய்ப்பு என்று எழுதியாகிவிட்ட இடத்தை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

சில நாள் போயிருக்கும். ஒரு காலை நான் வார்டுக்குள் நுழைந்ததும் சரோஜா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அக்கா, அத்த சேல பின்னால ஈரமா இருக்குது. மூத்திரம் இல்ல. வாடை அடிக்குது."

அந்த அம்மாளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வலது பக்கத்துக் கறுப்பு ஓரத்தில் பிய்ந்து, காய்ந்த வரட்டி தூக்கிக்கொண்டதுபோல நின்றது. அதன் அடியில் குழி. விரல் நுனி உள்ளே போகும். நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ஸ்கிரீன இழு அஞ்சல," என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவரே புண்ணைக் கழுவினார். இடுக்கி கிண்ணத்தில் பட்டுப் பட்டு டிங் டிங் என்றது. டாக்டர் வந்து பார்த்தார். "மேலேயிருந்து வந்த புண் இல்லை இது. எலும்புப் பக்கம் ஆரம்பிச்சு மேலே வந்திருக்கு. கெட்டித் தோல் மூடிட்டு இருந்ததால தெரியலை. எப்ப ஆரம்பிச்சதுன்னு இப்பப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது," என்றவர், சரோஜாவிடம் கேட்டார்: "வீட்ல எப்படி வெச்சிருந்தீங்க? படுக்கையிலயா?"

சரோஜா ஒரு நொடி தரையைப் பார்த்தாள். "ஆமா டாக்டர். பாய்ல படுக்கத்தான் வெச்சிருந்தோம்."

படுத்தால் மூச்சு நிற்கிறவரைப் பாயில் எப்படிப் படுக்கவைத்தார்கள் என்று எனக்கு உறுத்தியது. டாக்டருக்கு அடுத்த வார்டில் அவசரம். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தனபாலின் அக்கா வந்து சேர்ந்தார். கமலா என்று பெயர். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவர். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி எட்டி, அன்றைக்குத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். புண்ணைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எங்கம்மாவ அழுக வெச்சிருக்கா பாருடா உம் பொண்டாட்டி. புள்ள பெக்கத்தான் வக்கில்ல, கெடக்கறவளத் திருப்பிப் போடவும் கையில்லயா?"

"அண்ணி, நான் வந்து..." என்றாள் சரோஜா.

"அண்ணின்னு சொல்லாத. டேய் தனபாலு, இவள கையப் புடிச்சி அய்யம்பேட்ட பஸ்ல ஏத்தி வுடு. அவங்கப்பன் வூட்லயே இருக்கட்டும்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். தனபால் நல்ல மனுஷன்தான், ஆனால் அக்கா எதிரில் வாய் திறக்காதவன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கடைசியில், "ஆஸ்பத்திரில இன்னா எழுதறாங்களோ பாக்கலாம்கா. வூட்லேந்தே புண்ணு வந்துச்சுன்னு எழுதுனாங்கன்னா நீ சொல்றபடி செய்யறேன்," என்றான்.

சரோஜா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணீர் வரவில்லை. மாமியாரின் கால்பக்கத்துப் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

நர்ஸுகளுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் அம்மா சிஸ்டரையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் நாகர்கோவில் பக்கம். கண்டிப்பானவர், ஆனால் சிஸ்டர்மேல் பிரியம் உண்டு. கேஸ் ஷீட் அவர் மேசைமேல் இருந்தது.

"நீ எழுதினதுக்குக் கீழே ரெண்டு வரி எழுத இடம் இருக்கு," என்றார் சிஸ்டரிடம். "வரும்போதே வலது பக்கம் புண் இருந்ததுன்னு எழுதிடு. இதுல என்ன பொய் இருக்கு? பழசா இருக்கலாம்னு டாக்டரே சொல்றார். உன் வேலை நிரந்தரமாகிற சமயம். வார்டுல வந்த புண்ணுன்னு போனா நான் மெமோ எழுதியே ஆகணும்."

சிஸ்டர் தான் எழுதிய வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "நீதானே முதல்ல துணி மாத்தினது. வரும்போதே புண் இருந்ததுதானே?"

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் நின்ற நிலையை என்னால் சரியாக எழுத முடியவில்லை. ஆமாம் என்றால் சிஸ்டர் தப்பித்தார், சரோஜா பஸ் ஏறுகிறாள். இல்லை என்றால் சரோஜா தப்பித்தாள், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சிஸ்டர் போகிறார். ஒரு சொல்தான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"கறுப்பா இருந்துச்சும்மா," என்றேன். "தடிப்பா இருந்துச்சு. தொறந்து இல்ல."

"அதைக் கேக்கலை. புண் இருந்ததா, இல்லையா?"

"உள்ள இன்னா இருந்துச்சுன்னு நான் பாக்கலமா."

"ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டுமே எனக்குத் தெரியாதுமா."

மேட்ரன் பேனாவை மூடி வைத்தார். "சாயங்காலம் டாக்டர் வர்றதுக்குள்ளே ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கணும். மெமோ எழுத எனக்கு மட்டும் ஆசையா?"

வெளியே வராந்தாவில் சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கப்பாவுது மாரியே இருந்துச்சு அஞ்சல. அச்சு அசல். அதான் தொடல," என்றார். வார்டுக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.

மத்தியானம் குழாயடியில் சரோஜா மாமியாரின் சேலையை அலசிக்கொண்டிருந்தாள். நான் பேசின்களைக் கழுவ உட்கார்ந்தேன். அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"படுக்க வெச்சிருந்தோம்னு சொன்னது பொய்க்கா."

நான் குழாயை நிறுத்தினேன்.

"ஆடி மாசத்துலேந்து அத்தையால படுக்க முடியல. உக்காந்துக்கினேதான் இருப்பாங்க. சொவத்துல சாஞ்சா முதுகு நோவுதுன்னாங்க. அதனால அவங்க முதுகுக்கு நான் எம் முதுகக் குடுத்து உக்காந்துக்கினேன். அப்பதான் அவங்களுக்குத் தூக்கம் வரும். நான் அசைஞ்சா முழிச்சிக்குவாங்க, முழிச்சா மூச்சுக்குத் தவிப்பாங்க. அதான் மரமாட்டம் அசையாம இருப்பேன்." சேலையைப் பிழிந்துகொண்டே நிறுத்தினாள். "நான் அசைஞ்சிருந்தா புண்ணு வந்திருக்காதாக்கா?"

அது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"உங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"அவரு பொழுதுக்கும் தறில. ராவுல அசந்து தூங்கிடுவாரு. அத்தைய நான் பாத்துக்கறேன்னு தெரியும். எப்படிப் பாத்துக்கறேன்னு கேட்டதில்ல. இப்பப் போயி, வாரக்கணக்கா உக்கார வெச்சே இருந்தேன்னு சொன்னா, அண்ணி அதையே புடிச்சிக்குவாங்க. என் கதை முடிஞ்சிது."

அவள் சொன்னது சரி. அதைச் சொன்னால் புண் வீட்டில்தான் தொடங்கியது என்று ஆகிவிடும். நான் கேட்டதைக் கேட்காததுபோல எழுந்து போயிருக்கலாம். அப்படிப் போகத்தான் பேசினை எடுத்தேன். அப்போதுதான் ஒன்று தைத்தது.

"சரோஜா, உக்காரும்போது எந்தப் பக்கம் கனத்தப் போடுவாங்க?"

"மொதல்ல வலது பக்கம். அப்பறம் அங்க எரியுதுன்னு இடது பக்கம் மாத்திக்கினாங்க."

"எரியுதுன்னாங்களா?"

"ஆமாக்கா. காய்ப்பு எரியுதுன்னாங்க."

இடது பக்கத்துக் கறுப்பு இன்னும் மூடியேதான் இருந்தது. காலையிலிருந்து வலது பக்கத்துக்குக் கட்டுப் போட்டு, கனம் படாமல் இருக்கட்டும் என்று அந்த அம்மாளை இடது பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தோம். என் கையிலிருந்த பேசின் நழுவித் தரையில் விழுந்தது.

"இத சிஸ்டர்கிட்ட சொல்லணும்மா," என்றேன். "இப்பவே. சொன்னாத்தான் அந்தப் பக்கமாவது தப்பும்."

"சொன்னா நான் போயிடுவேன்கா."

"தெரியும்."

"நீங்க போயி சொல்லிடுவீங்களா?"

"நீ சொல்லு. உன்னால முடியலன்னா நான் சொல்லித்தான் ஆவணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. கிணற்றங்கரையில் நிற்கிறவளைத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கை வைக்க நான் யார் என்று நினைத்தேன். அவள் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "கூட இருங்கக்கா," என்றாள்.

வார்டில் கமலா அம்மாவின் தலைமாட்டில் நின்றிருந்தார். தனபால் கால்மாட்டில். சிஸ்டர் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றிருந்தார். சரோஜா நேராக அவரிடம் போய்ச் சொன்னாள். ஆடி மாதத்திலிருந்து உட்காரவைத்தது, முதுகு கொடுத்தது, அசையாமல் இருந்தது, எரிகிறது என்றது, பக்கம் மாறியது. ஒன்றையும் விடவில்லை. டாக்டரிடம் பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

"பாத்தியாடா," என்றார் கமலா. "அவ வாயாலயே வந்துடுச்சு."

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அஞ்சல, புடி," என்றார். இருவருமாக அந்த அம்மாளை முன்பக்கம் சாய்த்துப் பிடித்தோம். சிஸ்டர் இடது பக்கத்துக் கறுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வைத்திருந்தார். பிறகு விரலால் மெல்ல அழுத்தினார். என் கையையும் எடுத்து அங்கே வைத்தார். மேலே பலகை மாதிரி கெட்டி. அடியில் பழுத்த பழம்போல மெத்தென்றிருந்தது. சூடு வேறு.

"இங்கயும் இருக்குது. இன்னும் தொறக்கல," என்றார்.

உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். அடியில் வைக்கக் காற்றடைத்த ரப்பர் வளையம் வந்தது. கட்டிலின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, முன்னால் கவிழ்ந்து கையூன்றிச் சாய்கிற மாதிரி உட்காரவைத்தோம். மூச்சும் வந்தது, இரண்டு பக்கத்துக்கும் கனம் குறைந்தது. அதெல்லாம் ஆனபிறகுதான் சிஸ்டர் பேனாவைத் திறந்தார்.

முதல் நாள் எழுதியதற்குக் கீழே இருந்த வெற்று இடத்தை அவர் தொடவில்லை. அன்றைய தாளைப் புரட்டி, அன்றைய தேதிக்குக் கீழே எழுதினார். நின்றபடியே எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க அம்மாவ பத்தி எழுதியிருக்கறேன். உங்களுக்குத் தெரியணும்," என்று தனபாலிடம் தமிழில் சொல்லிக் காட்டினார். எனக்கு அது ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

வந்த அன்று இரண்டு பக்கமும் கறுத்துத் தடித்த தோல் இருந்தது. திறந்த புண் இல்லை. அதைத் தறிக் காய்ப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். அழுத்திப் பார்க்கவில்லை. இன்று வலது பக்கம் திறந்திருக்கிறது, ஆழமாக இருக்கிறது. இடது பக்கம் மூடியிருக்கிறது, அடியில் மெத்தென்றும் சூடாகவும் இருக்கிறது. படுத்தால் மூச்சு நிற்பதால் நோயாளி வீட்டில் பல வாரம் உட்கார்ந்தே இருந்தார். மருமகள் தன் முதுகைக் கொடுத்துத் தாங்கியிருந்தார். இங்கேயும் உட்கார்ந்தே இருந்தார். புண் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது.

"அப்ப தப்பு யாருது? அத எழுதலியே," என்றார் கமலா.

"தப்பு யாருதுன்னு எழுதறதுக்கு இதுல எடம் இல்லமா. நான் பாத்தது, பாக்காதது, இவங்க சொன்னது, அவ்ளோதான் எழுத முடியும்."

மற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிஸ்டருக்கு மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மேட்ரன் அம்மா அவரிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார். ஜெகதாம்பாளுக்கு வலது பக்கப் புண் ஆற வெகுநாள் பிடித்தது. இடது பக்கம் கடைசிவரை திறக்கவே இல்லை. எங்கள் வார்டில் அதற்குப் பிறகு காய்ப்பு என்ற சொல்லை முதல் நாள் தாளில் எழுத சிஸ்டர் யாரையும் விடவில்லை. நிறம் எழுது, தடிப்பு எழுது, அளவு எழுது, கை வைத்தால் என்ன தெரிகிறது என்று எழுது, பெயர் வைக்க அவசரப்படாதே என்பார். உங்கள் கம்ப்யூட்டரில் புண் எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கும் தனியாக ஒரு எழுத்து இருக்கிறதாமே. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கையை வைத்துப் பார்த்தபிறகுதான் அதைத் தட்ட வேண்டும். பார்க்கச் சோம்பி அதைத் தட்டினால் அதுவும் பொய்தான்.

இனி அந்த மத்தியானத்துக்கே வருகிறேன்.

சிஸ்டர் சொல்லி முடித்ததும் தனபால் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகு கொடுத்த விஷயம் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. கமலா மறுபடி ஏதோ ஆரம்பித்தார். தலையணைமேல் கவிழ்ந்திருந்த ஜெகதாம்பாள் முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"கமலா."

"இன்னாமா?"

"நீ எத்தன நாளு இங்க இருக்கப் போற?"

"சாயங்கால பஸ்ல போவணும்மா. புள்ளைங்க தனியா இருக்குதுங்க."

"அப்படின்னா பஸ் வர்ற வரிக்கும் நீ வந்து முதுக குடு. அவளுக்கு நோவுது."

கமலா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் தோளைத் தொட்டார். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. "எங்க கைய வெக்கணும்?" என்று என்னைக் கேட்டார். அக்குளுக்குக் கீழே என்று காட்டினேன்.

தனபால் இடுப்பு வேட்டியில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்தான். சரோஜாவிடம் நீட்டினான்.

"வூட்டுக்குப் போயி குளிச்சி சாப்ட்டுட்டு, செத்த நேரம் படுத்துட்டு வா," என்றான். "பூட்டு கொஞ்சம் இறுகிக் கெடக்குது. ரெண்டு தரம் திருப்பு."

அவள் உடனே வாங்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். கமலா அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தார், நிமிரவில்லை. சரோஜா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வாசல் பக்கம் போனாள். சிஸ்டர் கேஸ் ஷீட்டைக் கட்டில் கால்மாட்டில் மாட்டிவிட்டு, "புடி அஞ்சல, திருப்பற நேரம்," என்றார்.